காது கேக்காத நாய், வச்சிக்கிறதுனு முடிவு பண்ணியாச்சு. எப்படினு மட்டும் சொல்லுங்க

வட்டகொடையான்

எல்லாருக்கும் வணக்கம். மொதல்லயே சொல்லிர்றேன், "குடுத்துருங்க"னு எழுத வர்றவங்க தயவுசெஞ்சு வேணாம், அந்த பேச்சு வீட்லயே பேசி முடிஞ்சிருச்சு.

விசயம் இதான். எங்க பழைய நாய போன மழ சீசன்ல சிறுத்தை தூக்கிருச்சு. லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால கொஞ்சம் மரக்கறி போட்டிருக்கோம், லீக்ஸு, கரட்டு, கோவா, காட்டுப்பன்னி எறங்குனா ஒரே ராவுல ஒழவு ஓட்டுன மாதிரி ஆக்கிட்டு போயிரும், அதுனால நாய் இல்லாம இருக்க முடியாது. நுவரெலியால கூட்டாளி ஒருத்தன் வீட்ல குட்டி போட்டிருக்குனு சொன்னான், தாய் டல்மேஷன் கலப்பு, அப்பன் யாருனு அந்த தாய்க்கு தான் வெளிச்சம். முழுசா வெள்ளையா ஒரு பொட்டக்குட்டி, ஒரு கண்ணு மட்டும் நீலம், மக பாத்த ஒடனே பஞ்சுனு பேரு வச்சிட்டா, அதுக்கு மேல என்ன பேச.

கொண்டாந்த பெறகு தான் ஒவ்வொண்ணா தெரிய வந்துச்சு. தட்டு விழுந்தாலும் முழிக்காது. பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பாது, ஆனா மூஞ்சிய பாத்துட்டா வால ஆட்டிக்கிட்டு ஓடி வரும். எங்க லயத்துக்கு கீழ தான் ரயில் பாதை, கிரேட் வெஸ்டர்ன் பக்கம் இருந்து வர்ற ரயில் வளைவுல ஹோர்ன் அடிச்சா மத்த நாயெல்லாம் ஊளையிடும், இது பாட்டுக்கு செருப்ப கடிச்சிக்கிட்டு கெடக்கும். டவுன்ல மிருக டொக்டர்ட்ட காட்டுனோம், காதுக்குள்ள புண்ணு சீழு ஒண்ணும் இல்ல, பொறவியிலயே கேக்காது போலனு சொல்லிட்டார்.

அப்பா "கேக்காத நாய வச்சி என்ன பண்றது"னு ஒரு வாரமா ஒரே பாட்டு. அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா ராத்திரி மிச்ச ரொட்டிய யாருக்கு போடுறாங்கனு நான் பாத்துக்கிட்டு தான் இருக்கேன். இப்ப நானும் வீட்டுக்காரியும் பேசி வச்சிக்கிறதுனு முடிவு.

கேக்க வேண்டியது இதான்: எப்படி கூப்பிடுறது, ராவுல எங்க படுக்க வைக்கிறது, ரயில் ரோட்டுக்கு போகாம எப்படி பாக்குறது, லயத்துல பக்கத்து காம்பரா (பக்கத்து வீட்டு) புள்ளைங்க சும்மா சும்மா வந்து தூக்குங்க, கடிச்சிருமா?

கரட்_மொத்த_வியாபாரி

தீவாளிக்கு எங்க நாய் கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டு கெடக்கும், ஒங்க நாய் பட்டாசு சத்தத்துல குறட்ட விட்டு தூங்கும். அந்த வகையில ஒங்களுக்கு லாபம் அண்ணே 😂

பகிடி தான். படம் ஒண்ணு போடுங்க.

பேராதனை_ஊசி

அண்ணே, நான் பேராதனைல மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் டொக்டர் ஆகல, அதுனால நான் சொல்றத ஒங்க டொக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

வெள்ளை தோலு, நீலக்கண்ணு, டல்மேஷன் ரத்தம், இந்த மூணும் சேந்தா காது பிரச்சினை வர்ற வாய்ப்பு கூட. தோலுக்கும் முடிக்கும் நிறம் குடுக்குற செல்லு உள்காதுலயும் இருக்கணும், அது அங்க இல்லாட்டி உள்காதுக்கு வேண்டிய ரத்த ஓட்டம் பழுதாகி கேக்குற செல்லுங்க செத்துரும், பொறந்து மூணு நாலு கெழமைக்குள்ள அது நடந்து முடிஞ்சிரும். மருந்து போட்டு திரும்ப கொண்டு வர முடியாது, யாராவது எண்ணெய் காய்ச்சி ஊத்த சொன்னா ஊத்தாதீங்க. டல்மேஷன்ல கிட்டத்தட்ட 30 வீதத்துக்கு ஒரு காதோ ரெண்டு காதோ கேக்காது, அதுனால கூட்டாளி ஏமாத்துனான்னு நெனக்காதீங்க, சின்ன குட்டில சும்மா பாத்து கண்டுபிடிக்கிறது லேசு இல்ல, கூடப்பொறந்த குட்டிங்கள பாத்து அதுங்க எழும்புறப்ப இதுவும் எழும்பும்.

நீங்களே பாக்கணும்னா அது நல்லா தூங்குறப்ப பின்னால தள்ளி நின்னு சாவிக்கொத்த ஆட்டுங்க. காலால தரைய தட்டாதீங்க, அதிர்வு தெரிஞ்சிரும், கைய தட்டுனா காத்து மேல படும், அதெல்லாம் கேட்டதுனு கணக்கு இல்ல. ஒரு காது மட்டும் கேக்குதானு இப்படி வீட்ல பாத்து சொல்ல முடியாது, அதுக்கு மூளைக்கு போற சிக்னல அளக்குற மெஷின் வேணும். ஆனா ஹோர்னுக்கே அசையலனா ரெண்டு காதும் தான்.

இன்னும் ரெண்டு விசயம். இது பரம்பரையா வர்றது, அதுனால குட்டி போட விடாதீங்க, வயசு வந்த ஒடனே கருத்தடை ஆபரேஷன் செஞ்சிருங்க. அடுத்தது வெயிலு. நம்ம ஊர் குளிரா இருக்குனு யாரும் வெயில கணக்கெடுக்குறதில்ல, ஆனா ஒசரத்துல வெயிலோட சூடு இல்லாட்டியும் அந்த கதிர் கடுமை தான், வெள்ளை நாய்க்கு மூக்கும் காது நுனியும் ரோஸ் கலர்ல இருந்தா அங்க புண்ணாகி நாளைக்கு கேன்சர் கூட வரலாம். மத்தியானத்துல நெழல்ல போடுங்க.

தொங்கலயம்

நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் சொல்லத்தான் போறேன், கோவிச்சிக்காதீங்க. தோட்டத்துல நாய் வளக்குறது வேலைக்கு. பன்னி வந்தா கொரைக்கணும், ஆளு வந்தா கொரைக்கணும், சிறுத்தை வந்தா நமக்கு தெரிய வைக்கணும். இது ஒண்ணையும் செய்யாத நாய்க்கு அரிசியும் கருவாடும் போட எங்க சல்லி இருக்கு? அரைப் பேரு (அரை நாள் சம்பளம்) விழுந்த மாசத்துல மனுசனுக்கே கஷ்டம். பங்களாக்காரங்க வளக்கலாம், சோபால போட்டு. இத யாராவது டவுன் ஆளுக்கு குடுத்துட்டு நல்ல லயத்து நாய்க்குட்டி ஒண்ணு எடுங்க, ஊரெல்லாம் சும்மா கெடக்கு.

நாயி மேல பாசம் இல்லாம சொல்லல. கேக்காத நாய சிறுத்தைக்கு வளக்குறீங்கனு தான் சொல்றேன்.

வட்டகொடையான்

தொங்கலயம் அண்ணே, கோவம் எல்லாம் இல்ல. நீங்க சொல்றது எங்கப்பா சொன்னது தான், வார்த்தை கூட மாறல.

டவுன் ஆளுக்கு குடுக்குறதுனு நீங்க சொல்றது லேசு. யாருக்கு? நான் கேட்டு பாத்தேன், "வெள்ள நாயா, நீலக்கண்ணா, தாங்க தாங்க"னு ஓடி வருவாங்க, காது கேக்காதுனு சொன்ன ஒடனே "வீட்ல கேட்டு சொல்றேன்"னுட்டு போயிருவாங்க. சொல்லாம குடுத்தா மூணாவது மாசம் அது பஸ் ஸ்டாண்ட்ல நிக்கும், அங்க பஸ்ஸோட ஹோர்ன் அதுக்கு கேக்காது. அப்ப குடுக்குறதுனா கண்ணுக்கு தெரியாத எடத்துல சாவ விடுறதுனு அர்த்தம். அத செய்ய எனக்கு மனசு இல்ல.

வேலைக்குனு நீங்க சொன்னது நியாயம். அதுனால நான் பஞ்சுவ காவலுக்குனு கணக்குலயே எடுக்கல. பன்னிக்கு தகரம் கட்டுறோம், வேலி அடைக்கிறோம். இது வேற, அது வேற. கேக்காத நாய காவல்கார நாயா ஆக்க பாத்தா தினமும் அதுமேல எனக்கு கடுப்பு தான் வரும், அது என்ன தப்பு செஞ்சிச்சு?

மஸ்கெலியா_அக்கா

தம்பி, எங்க வீட்ல மூணு காலு நாய் ஒண்ணு இருந்துச்சு. பன்னிக்கு வச்ச கம்பி கண்ணியில மாட்டி முன்னங்காலு போயிருச்சு. அதே மாதிரி கண்ணி தான் 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கத்துல அந்த கருஞ்சிறுத்தைய புடிச்சது, ஒடவளவைக்கு வைத்தியத்துக்கு கொண்டு போயும் பொழைக்கல, எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுனால வேலி அடைக்கிறேன்னு சொன்னீங்களே, கோவத்துல யாராவது கண்ணி வைக்க சொன்னா வச்சிராதீங்க, அது சட்டவிரோதம் ங்கிறது ஒரு பக்கம், மொதல்ல மாட்டுறது நம்ம நாயி தான்.

எங்க நாயி மூணு கால்ல நல்லா தான் ஓடுச்சு, பாக்குறவங்க தான் ஐயோ ஐயோனு சொல்லி சொல்லி அதுக்கு பிஸ்கட்ட போட்டு கெடுத்தாங்க. ஒடம்பு பெருத்தா மிச்ச மூணு காலுக்கும் பாரம்னு டொக்டர் ஏசுனார்.

ராத்திரிக்கு பதில் ஒண்ணு தான், உள்ளுக்கு. இஸ்தோப்புல (திண்ணைல) இல்ல, கதவுக்கு உள்ளுக்கு. இருட்டுன பெறகு சிறுத்தை லயத்தடிக்கு வர்றது நாய்க்காக தான், கட்டி போட்ட நாய்னா அதுக்கு இன்னும் லேசு. கேக்குற நாயே தப்பல, ஒங்க டைகரோ என்னமோ அத பாத்தீங்களே. பொழுது சாய முந்தி ஒண்ணுக்கு விட்டுட்டு உள்ள எடுத்துருங்க, ராவுல வெளிய விடணும்னா டோர்ச் அடிச்சிக்கிட்டு கயித்தோட நீங்களும் போங்க.

அடுப்படில ஒரு சாக்கு போட்டு படுக்க வைங்க, சின்ன லைட்டு ஒண்ணு எரியட்டும். கேக்காததுக்கு இருட்டுல கண்ணும் இல்லாம போனா பயந்து கத்த ஆரம்பிக்கும், அது கத்துற சத்தம் அதுக்கே தெரியாது, லயமே முழிச்சிக்கும்.

புள்ளகாம்பரா_டீச்சர்

புள்ளைங்க விசயம் நான் சொல்றேன், நான் தோட்டத்து புள்ள காம்பரால (சின்ன புள்ளைங்கள பாத்துக்குற எடத்துல) வேலை செய்றேன், நாய்க்கடியோட வர்ற புள்ளைங்கள பாத்திருக்கேன்.

கேக்காத நாய் கடிக்கும்ங்கிறது பொய். ஆனா தூங்குறப்ப திடீர்னு தொட்டா எந்த நாயும் துள்ளி வாய வைக்கும், இதுக்கு நீங்க வர்றது தெரியாது, அவ்வளவு தான் வித்தியாசம். அதுனால இப்ப சின்னதுலயே பழக்குங்க: மொதல்ல மூக்குக்கு முன்னால கைய வைங்க, வாசம் புடிக்கட்டும், அப்புறம் தோள்ல மெதுவா தொடுங்க, கண்ண தொறந்த ஒடனே ஏதாவது திங்க குடுங்க. தினமும் செஞ்சா தொட்டா நல்லது தான் நடக்கும்னு அதுக்கு மனசுல பதிஞ்சிரும். எப்பவும் ஒரே எடத்துல தொடுங்க.

புள்ளைங்களுக்கு ஒரே சட்டம், தூங்குற நாய தொடக்கூடாது, திங்கிற நாய தொடக்கூடாது. படுக்குற எடம் வழியில இல்லாம ஒரு மூலையா இருக்கட்டும். உறுமுனா அடிக்காதீங்க, உறுமுறது அது குடுக்குற எச்சரிக்கை, அத அடிச்சி நிறுத்துனா அடுத்த தடவ உறுமாம நேரா கடிக்கும்.

விசர் (வெறிநாய்) ஊசி நாய்க்கு வருசத்துக்கு ஒரு தடவ போடுங்க, இலவசமா போட வர்றப்ப சுகாதார ஆளுங்க தோட்டத்துல சொல்லுவாங்க, அட்டைய பத்திரமா வைங்க. யாருக்காவது பல்லு பட்டுட்டா சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா கவுமெந்து ஆஸ்பத்திரிக்கு போகணும், நாய கட்டி வச்சி 14 நாள் பாக்கணும், அடிச்சி கொன்னுட்டா பாக்க முடியாது. மஞ்ச, மொளகாத்தூள், கோப்பித்தூள் ஒண்ணும் பூச வேணாம்.

பக்கத்து காம்பரா ஆளுங்களுக்கு இப்பவே போய் சொல்லிருங்க, "இதுக்கு காது கேக்காது"னு. நாளைக்கு ஒரு புள்ளைய பிராண்டிட்டா "வெறி நாய்"னு பேரு வந்துரும், அதுக்கு அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் எடுபடாது.

ஊவாக்காத்து

நான் வேற மாதிரி சொல்றேன், அடிக்க வராதீங்க. நாங்க ஒரு நாய குடுத்தோம். அல்சேஷன் கலப்பு, காது கண்ணு எல்லாம் சரி, ஆனா சின்ன புள்ளைங்கள கண்டா பாயும், எங்க தங்கச்சி கைக்கொழந்தையோட வீட்டுக்கு வந்திருந்தா. எவ்வளவோ பாத்தோம். கடைசில புள்ளைங்க இல்லாத ஒரு மரக்கறி தோட்டக்காரருக்கு, இது இப்படித்தான்னு முழுசா சொல்லி, அவர் வந்து ரெண்டு மூணு தடவ பழகி பாத்துட்டு தான் எடுத்துட்டு போனார். இன்னிக்கும் அங்க தான் இருக்கு.

எதுக்கு சொல்றேன்னா, "என்ன ஆனாலும் வச்சிக்கணும்"னு சட்டம் போடாதீங்க. ஆளுக்கு ஆபத்துனா அது வேற. ஆனா வட்டகொடையான் சொல்ற நாய்ல ஆபத்து நாய்க்கு தான், மனுசனுக்கு இல்ல. அது கொஞ்சம் நம்ம பக்கத்து வேலை, கயிறு, கதவு, பழக்கம், அவ்வளவு தான். நான் ஒங்க எடத்துல இருந்தா வச்சிக்குவேன்.

பேராதனை_ஊசி

கூப்பிடுறத பத்தி யாரும் சொல்லல, சொல்லிர்றேன்.

கை சைகை. அது கஷ்டம்னு நெனக்காதீங்க, கேக்குற நாய்ங்க கூட வார்த்தைய விட கைய தான் லேசா படிக்கும். மொதல்ல "சபாஷ்"னு ஒரு சைகை வேணும், கட்டை விரல தூக்குறது போதும், அத காட்டுன ஒடனே தீனி. அது மனசுல ஏறுன பெறகு தான் மத்தது: "வா"னா ரெண்டு கையையும் நெஞ்சு பக்கம் இழுக்குறது, "உக்காரு"னா உள்ளங்கைய மேல தூக்குறது, "வேணாம்"னா கைய குறுக்க ஆட்டுறது. எல்லாத்துக்கும் மேல "என்னைய பாரு". அது தானா திரும்பி ஒங்கள பாக்குற ஒவ்வொரு தடவையும் ஏதாவது குடுங்க, கரட் துண்டு போதும், ஒங்ககிட்ட தான் மலையா கெடக்கே. அது அடிக்கடி ஒங்கள திரும்பி பாக்குற நாயா வளந்துட்டா பாதி வேலை முடிஞ்சிது.

வீட்ல எல்லாரும் ஒரே சைகை. அப்பா ஒண்ணு, மக ஒண்ணு காட்டுனா அது கொழம்பிரும். சுவத்துல படம் வரைஞ்சி ஒட்டுங்க.

ராவுல டோர்ச்ச ரெண்டு தடவ சிமிட்டுனா "வா"னு பழக்கலாம். அந்த செவப்பு லேசர் லைட்டு மட்டும் வேணாம், சில நாய்ங்க அந்த புள்ளிய தேடி தேடியே பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிரும். அதிர்ற கழுத்துப் பட்டினு ஒண்ணு இருக்கு, போன் வைப்ரேட் ஆகுற மாதிரி, அது "திரும்பி பாரு"ங்கிறதுக்கு நல்லது. கரண்டு அடிக்கிற பட்டிய வாங்கிராதீங்க, ரெண்டும் ஒரே மாதிரி தான் இருக்கும், கடையில நல்லா கேட்டு எடுங்க.

அப்புறம் கழுத்துல ஒரு சின்ன மணி. அதுக்கு கேக்காது, ஒங்களுக்கு கேக்கும். மிஸ்ட்டு எறங்குனா வெள்ள நாய எங்க தேடுவீங்க?

கொழும்புல_ஒருத்தன்

ரெண்டாவது நாய் ஒண்ணு எடுத்தா என்ன? கேக்குற நாய் கொரைச்சா இது அத பாத்து எழும்பும்ல. காவல் வேலையும் நடக்கும், தொங்கலயம் அண்ணனுக்கும் சந்தோசம்.

தொங்கலயம்

எனக்கு என்ன சந்தோசம், ரெண்டு நாய்க்கு சோறு போடுறது நானா 😄

மஸ்கெலியா_அக்கா

ஒடனே வேணாம். இப்ப எடுத்தா இது ஒங்கள பாக்குறத விட்டுட்டு அந்த நாய பாத்துக்கிட்டே திரியும், அது எங்க ஓடுனாலும் பின்னால ஓடும், ரயில் ரோடு வரைக்கும். மொதல்ல இது கைக்கு பழகட்டும். பெறகு வேணும்னா வயசான, அமைதியான நாய் ஒண்ணா பாருங்க.

வட்டகொடையான்

எல்லாருக்கும் நன்றி. இந்த கெழமை நடந்தத சொல்றேன்.

பக்கத்து காம்பராக்கெல்லாம் வீட்டுக்காரி போய் சொல்லிட்டா. மக சைகை படம் வரைஞ்சி கதவுல ஒட்டிட்டா, அதுல நாய் ஆடு மாதிரி இருக்கு, பரவால்ல. "வா" வீட்டுக்குள்ள புடிச்சிக்கிச்சு, வெளிய போனா காத்துல ஏதாவது வாசம் வந்தா நான் கைய ஆட்டுறது கண்ணுலயே படாது. "பாரு" தான் இன்னும் வேணும்.

அப்பா மட்டும் சைகை காட்ட மாட்டேங்குறார், அவரு பாட்டுக்கு "ஏய் வெள்ளச்சி"னு சத்தம் போட்டுக்கிட்டே தான் இருக்கார். கேக்காதுப்பானு சொன்னா "எனக்கு தெரியும்டா"ங்குறார். ஆனா சத்தம் போடுறப்பவே அவரு கையும் சேந்து ஆடுது, அது அத பாத்து வருது, அதுனால நாங்க ஒண்ணும் சொல்றதில்ல.

ரயில் ரோடு தான் இன்னும் பயம். பகல்ல நாங்க ரெண்டு பேரும் மலைக்கு வேலைக்கு போயிட்டா அப்பா மட்டும் தான், அவரால பின்னால ஓட முடியாது. நாள் பூரா குட்டை கயித்துல கட்டி போட எனக்கு விருப்பம் இல்ல. பின்பக்கம் ரெண்டு கட்டைக்கு நடுவுல கம்பி இழுத்து, அதுல கயிறு ஓடுற மாதிரி செய்யலாமா? யாராவது செஞ்சிருக்கீங்களா?

பேராதனை_ஊசி

செய்யலாம், ஆனா கழுத்து பட்டில மாட்டாதீங்க, நெஞ்சோட போடுற ஹார்னஸ்ல மாட்டுங்க, ஓடி வந்து இழுபட்டா கழுத்து போயிரும். கம்பியோட ரெண்டு முனைக்கும் கொஞ்சம் முந்தியே கயிறு நிக்கிற மாதிரி ஒரு முடிச்சு போடுங்க, இல்லாட்டி கட்டைய சுத்திக்கும். மண்திட்டு, வேலி, படி எதுவும் எட்டுற தூரத்துல இருக்கக்கூடாது, மேட்டுல இருந்து குதிச்சா தொங்கிரும். நெழலும் தண்ணியும் எட்டணும். பகல்ல, ஆள் கண்ணு முன்னால மட்டும்.

தொங்கலயம்

வட்டகொடையான் தம்பி, நான் சொன்னத மாத்திக்கல, அந்த நாயால ஒங்களுக்கு செலவு தான். ஆனா கம்பி காசு குடுத்து வாங்காதீங்க, எங்கிட்ட பழைய கேபிள் கம்பி ஒரு சுருள் சும்மா கெடக்கு, துரு இல்ல. ஞாயித்துக்கெழம தலவாக்கலைக்கு சாமான் வாங்க வருவேன், காலைல கொண்டு வர்றேன். கப்பி மட்டும் நீங்க பாத்துக்கங்க, ரெண்டு வேணும்.

வட்டகொடையான்

கப்பி எந்த அளவு அண்ணே, கம்பி எத்தன மில்லினு சொன்னா வாங்கி வச்சிர்றேன்.

தொங்கலயம்

அளந்து பாத்து ராத்திரிக்கு போடுறேன். இப்ப மலையில நிக்கிறேன், சிக்னல் இல்ல.